பூஜ்யம் போட்ட நாட்கள்

ஆகஸ்ட் 10, சனி

டாக்டரம்மா இன்று என்னை நன்றாகத் திட்டினார். கோகிலாவுக்குப் போன மாதம் எந்தெந்த நாள் வலிப்பு வந்தது என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து கரண்ட் பில் அட்டையை எடுத்து, அதன் மூலையில் குறித்து வைத்திருந்ததைப் படித்தேன். "இருநூத்தி நாப்பது... இல்லைங்க, அது யூனிட்டு" என்றேன். கோகிலா சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஒரு நோட்டுப் போடுங்க நாச்சிமுத்து. தேதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்துச்சு, அப்ப என்ன பண்ணிட்டிருந்தா. பெரிசையும் எழுதணும், சின்னதையும் எழுதணும். நான் மாத்திரையைக் கூட்டறதும் குறைக்கறதும் நீங்க எழுதறத வச்சுத்தான்."

அதனால் இந்த டைரி. காப்பர் வயர் ஏஜென்சிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஏழு மாதமாகக் கடையில் ஃபேன் காற்றுக்கு பில் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தேன். இப்போதுதான் அதற்கு உத்தியோக உயர்வு.

எழுதுவது என்று வந்தபின் ஒழுங்காக எழுத வேண்டும். நான் நாச்சிமுத்து. உடுமலையில் மோட்டார் வைண்டிங் கடை. தோட்டத்து மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் வரும். எரிந்த காயிலை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். பத்தாவது பாஸ். ஐ.டி.ஐ. ஒரு வருஷம். இரண்டாம் வருஷம் ஐ.டி.ஐ.க்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. மனைவி சாந்தாமணி. ஒரே மகள் கோகிலவாணி, பதினாறு வயது, ப்ளஸ் ஒன். எட்டு வயதிலிருந்து வலிப்பு. பெரியது வந்தால் விழுந்து, கை கால் இழுத்து, இரண்டு மூன்று நிமிஷம். சின்னது வந்தால் விழமாட்டாள். செய்துகொண்டிருக்கும் வேலை அப்படியே நிற்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும், பத்து இருபது விநாடி. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மிச்ச வேலையைச் செய்வாள்.

கோவை ஆஸ்பத்திரியில் டோக்கன் பதினாலு நாங்கள். பதின்மூன்று தில்லையரசு சார். கோவையிலேயே பத்திரப்பதிவு ஆபீஸில் எழுத்தர். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் மகள் சம்யுக்தா, ப்ளஸ் டூ. இரண்டு வருஷமாக இந்த பெஞ்சில் பார்த்துப் பழக்கம். விழுந்தால் மண்டையில் அடிபடக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குத் தலையில் பஞ்சு வைத்த தொப்பி ஒன்று எப்போதும் இருக்கும். இன்று தொப்பி இல்லை. தலை பின்னி, மல்லிகைப்பூ.

"எத்தனை நாளாச்சுங்க சார்?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு." யோசிக்கவே இல்லை மனுஷன்.

"ரொம்பச் சந்தோஷமுங்க" என்றேன். சிரித்தும் வைத்தேன். திரும்பும் பஸ்ஸில் கிணத்துக்கடவு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாந்தாமணி, "ஏனுங், பல்லு வலிங்களா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 12

காலை 6.50. சின்னது. பல் விளக்கும்போது. பிரஷ் வாயிலேயே நின்றது. பதினைந்து விநாடி.

ஆகஸ்ட் 14

மாலை 5.20. பெரியது. துணி மடிக்கும்போது. இரண்டு நிமிஷம் பத்து விநாடி. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரவு ரசம் சாதம்.

ஆகஸ்ட் 16

பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். என் மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுடைய சிநேகிதி ஷர்மிளா பக்கத்தில் மெதுவாக, விழுந்துவிடுகிற அளவுக்கு மெதுவாக, ஓட்டி வந்தாள். ஆறு மாதம் சின்னதுகூட வராமல் இருந்தால் சைக்கிளைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருக்கிறார்.

சும்மா நிறுத்தினால் டயர் வெடித்துப்போகும். அதனால் நான் கடைக்கு ஓட்டிப் போகிறேன். லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை, கூடையில் என் டிபன் பாக்ஸ். எதிர்க்கடை இரும்புக்காரர், "ஏனுங் நாச்சிமுத்து, ப்ளஸ் ஒன் சேந்துட்டீங்களாட்ட இருக்குது. எந்த குரூப்புங்?" என்கிறார். சயின்ஸ் குரூப் என்று சொல்லிவிட்டேன்.

காலை 7.40. சின்னது. சைக்கிளைத் துடைக்கும்போது. இருபது விநாடி.

ஆகஸ்ட் 22

தில்லையரசு சார் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். வெள்ளி டம்ளரில் பாயசம். கீழே: "50 நாட்கள். இறைவனுக்கு நன்றி."

வாழ்த்துகள் என்று எழுதி ஒரு பூ போட்டேன். ஒரு பூ போட்டால் வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடுவாரோ என்று இன்னொன்றும் போட்டேன்.

கோகிலாவுக்கு இன்று சின்னது இரண்டு. 7.15, 4.50.

எரிச்சல் அடங்காமல் அவருக்கே போன் போட்டேன். "சார், ஒரே டாக்டரு, ஒரே மாத்திரை. உங்க புள்ளைக்கு மட்டும் எப்படிங்க நின்னுச்சு?" என்று கேட்டுவிட்டேன். ஆபீஸுக்கு வெளியே வந்திருப்பார் போல, லாரிச் சத்தம் கேட்டது.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன் நாச்சிமுத்து. டாக்டரம்மா மாத்திரையோட இன்னொண்ணும் குடுக்கறேன். அது வலிப்பு மாத்திரையே இல்ல. மனச்சோர்வுக்குக் குடுக்கற மாத்திரை. மச்சினன் இருக்கற நாட்டுல விக்கறாங்க. இங்க இன்னும் அனுமதி வரல. அங்க யாரோ ரெண்டு மூணு பேருக்கு அதைச் சாப்பிட்டதும் வலிப்பு குறைஞ்சுதாம். குடுத்துப் பாத்தேன். நின்னுருச்சு."

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

"அவங்ககிட்டச் சொன்னா வேண்டாம்பாங்க. நான் எதுக்குச் சொல்றேன்?"

மனச்சோர்வு மாத்திரை. எங்கள் வீட்டில் இப்போது மனச்சோர்வு எனக்கு மட்டும்தான். நான் சாப்பிட்டால் கோகிலாவுக்கு நிற்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஒரு அட்டை அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சாந்தாமணியிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"ஊரு பேரு தெரியாத மாத்திரை எம் புள்ளைக்கு வேண்டாமுங்க."

"அவரு புள்ளைக்கு நின்னுருக்குது சாந்தா."

"ஒரு மோட்டார் வந்தா என்ன பண்ணுவீங்க? கேஜ் தெரியாம கம்பி சுத்துவீங்களா?"

"சுத்தமாட்டேன்."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. அவள் சொன்னது சரிதான். எரிந்த காயிலை உருவும் முன் எத்தனை சுற்று, எத்தனாம் நம்பர் கம்பி, மோட்டாருக்குள் எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் கம்பியில் கை வைப்பேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த நோட்டு கடையில் இருக்கிறது. ஒரு சுற்று குறைத்து எழுதினால்கூட மோட்டார் மறுபடி எரிந்து என் வாசலிலேயே வந்து இறங்கும். அதில் நான் ஒரு பொய் எழுதியதில்லை.

காலை 9.05. சின்னது. பதினெட்டு விநாடி.

ஆகஸ்ட் 29

கோவை பஸ் கண்டக்டரிடம் தில்லையரசு சார் பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தார். பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். பத்து மாத்திரை. வெளிர் நீலம். தீப்பெட்டி அளவு பெட்டி, உள்ளே எட்டாக மடித்த காகிதம். ஒரு எழுத்தும் புரியவில்லை. கடையில் வார்னிஷ் டின்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. கொடுக்கப் போவதில்லை. கையில் இருக்கட்டும் என்றுதான்.

ஆகஸ்ட் 31

மாலை 6.10. பெரியது. மூன்று நிமிஷம். இதை எழுதும்போது சாரின் ஸ்டேட்டஸ் பார்த்தேன். 59.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று வரவில்லை. 0.

பூஜ்யம் போடுவது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

செப்டம்பர் 2

காலை எனக்குச் சாம்பார் ஊற்றும்போது கரண்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பரீட்சை வருகிறது, ஏதாவது யோசனையாக இருந்திருப்பாள். 0.

செப்டம்பர் 3

தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தாள். நடுவில் நின்று, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். மறந்திருக்கும். எனக்கெல்லாம் முதல் வரியிலேயே மறக்கும். 0.

செப்டம்பர் 5

ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. கண்ணாடி என்றால் வழுக்கத்தான் செய்யும். எவர்சில்வரில் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். 0.

செப்டம்பர் 7

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. கோகிலா பிடித்ததில் ஒன்று கையிலேயே நசுங்கிவிட்டது. பிள்ளையார் கோபிக்கமாட்டார். 0.

செப்டம்பர் 9

"ஒம்பது நாளாச்சு சாமி" என்றேன் அவளிடம்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அப்படீங்களாப்பா" என்றாள்.

0.

செப்டம்பர் 12

டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேனல் மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நல்ல நிகழ்ச்சியாக இருந்திருக்கும். விளம்பரம்தான் ஓடியது. சில விளம்பரங்கள் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். 0.

செப்டம்பர் 14, சனி

டாக்டரம்மாவிடம் டைரியை நீட்டினேன். பக்கத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! இந்தத் தடவை மாத்திரையைக் கூட்டலாம்னு இருந்தேன். வேண்டாம், இதே அளவு இருக்கட்டும்." கோகிலாவைப் பார்த்து, "என்னம்மா, நல்லாயிருக்கியா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். சாந்தாமணி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பெஞ்சில் தில்லையரசு சார்.

"எத்தனை நாளுங்க?" இந்தத் தடவை அவர்தான் கேட்டார்.

"பதினாலு."

அவர் புருவம் மேலே போனது. "குடுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லைங்க சார். நமக்கு உள்ளூர் மாத்திரையே கேக்குது."

ஜிலேபி சாப்பிட்டதுபோல் இருந்தது. பொய் சொல்வானேன், இரண்டு ஜிலேபி.

"எங்களுக்கு எழுபத்திமூணு" என்றார். "நீங்க என்ன சொன்னாலும், சம்யுக்தா இப்ப ஸ்கூட்டி ஓட்டறா. நான்தான் கத்துக் குடுக்கறேன்."

ஜிலேபி இறங்கிவிட்டது.

பஸ்ஸில் கோகிலா ஜன்னல் பக்கம். "ஏனுங்ப்பா, அப்ப நான் சைக்கிள் ஓட்டலாமுங்களா?" என்று கேட்டாள். ஆறு மாதம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஸ்கூட்டி ஞாபகம் வந்தது. "நம்ம வீதிக்குள்ள மட்டும் ஓட்டு சாமி" என்றேன். சாந்தாமணி என் பக்கம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோகிலா வீதியில் நாலு சுற்று வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது, மூன்றாவது சுற்றில் செருப்பு அறுந்தது. நாலாவது சுற்றில் அவளே நிறுத்தி, "ஏறிக்குங்க, கொண்டுபோய் விடறேன்" என்றாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது.

0.

செப்டம்பர் 20

கோகிலா சைக்கிளில் போகிற போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. பார்த்தவர்கள் பட்டியலில் தில்லையரசு சார் பெயர் வரும்வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பம்ப் செட் அரை சுற்றில் நிற்கிறது.

செப்டம்பர் 23

ஷர்மிளாவோடு பள்ளிக்கூடத்துக்கே ஓட்டிப் போகிறேன் என்றாள். சரி என்றேன். 0.

செப்டம்பர் 24

விழுந்துவிட்டாள்.

வாய்க்கால் பாலம் தாண்டி ரோடு வளைகிற இடம். ஷர்மிளா கடைக்கு ஓடி வந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லை. "ஹேண்டில் நேராவே புடிச்சிருந்தாளுங் மாமா. வளைவு வந்துச்சு. அவ வளையல."

பள்ளத்தில் கருங்கல் மேல். இடது தோள்பட்டை எலும்பு விரிசல். முன்பல் ஒன்று பாதி போய்விட்டது. இன்னும் நாலடி தள்ளியிருந்தால் வாய்க்கால். தண்ணீர் முழுசாகப் போகிறது.

காலை 8.40. எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 26

கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சாந்தாமணி என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், ஒரு வார்த்தை இல்லை. திட்டினால் பரவாயில்லை. கோவை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். சனிக்கிழமை வரச் சொன்னார்.

கடைக்குப் போய் வார்னிஷ் டின்னுக்குப் பின்னால் இருந்ததை எடுத்து வந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

இதை முழுசாக எழுத வேண்டும். சுருக்கினால் நான் எனக்குச் சாதகமாகத்தான் சுருக்குவேன்.

காலையில் அந்த எட்டு மடிப்புக் காகிதத்தைப் போனில் காட்டினேன். கேமராவில் காட்டினால் தமிழில் மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. பாதிக்குமேல் உளறலாக வந்தது. ஒரு வரி மட்டும் தெளிவாக வந்தது: சிலருக்கு இது வலிப்பை உண்டாக்கலாம், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. மூன்று முறை படித்தேன். சம்யுக்தாவுக்கு உண்டாக்கவில்லையே என்று நினைத்தேன். அவர் மகள் ஸ்கூட்டி ஓட்டுகிறாள், என் மகள் கட்டிலில் கிடக்கிறாள் என்று நினைத்தேன். கத்தியால் ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்டினேன். முழுசு ஒன்றும் கொடுக்கவில்லையே, பாதிதானே.

சாந்தாமணி பால் வாங்கப் போயிருந்தாள். காலை மாத்திரையோடு அந்தப் பாதியையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

கோகிலா வாங்கிப் பார்த்தாள். எட்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை, ஏமாற்ற முடியுமா?

"இது என்னங்ப்பா, நீலமா?"

"புதுசு சாமி."

"டாக்டரம்மா எழுதுனதா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தில்லையரசு சார் கதையெல்லாம் சொன்னேன். எழுபத்திமூன்று நாளையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சரி, சாப்புடறேன். இது கேக்குதா கேக்கலையான்னு எப்படிங்ப்பா தெரியும்?"

"பாத்தாத் தெரியாதா சாமி?"

"நீங்க பாத்துட்டுத்தான எழுதறதில்ல."

அவள் நல்ல கையை நீட்டித் தலையணைக்கு அடியிலிருந்து இயற்பியல் ரஃப் நோட்டை எடுத்தாள். பின்பக்கம் திருப்பி என் மடியில் வைத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தாள். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

செப் 2, காலை, சாம்பார் ஊத்தறப்ப. அப்பா பார்த்தாங்க. எழுதல.
செப் 3, சாயங்காலம், செய்யுள். அப்பா பார்த்தாங்க. எழுதல.
செப் 5, டம்ளர். அம்மா பார்த்தாங்க. அப்பாவும் பார்த்தாங்க. எழுதல.
செப் 6, கணக்கு கிளாஸ். ஷர்மி பார்த்தா.
செப் 7, கொழுக்கட்டை. அப்பா பார்த்தாங்க. எழுதல.
செப் 10, பாத்ரூம்ல. யாரும் பார்க்கல.

அப்படியே இரண்டு பக்கம். எண்ணினேன். நான் பூஜ்யம் போட்ட இருபத்திமூன்று நாளில் முப்பத்தொன்று. அதில் பதினொன்று அப்பா பார்த்தது.

"ஏஞ்சாமி, டாக்டரம்மா கேட்டாங்கல்ல, அப்பச் சொல்லியிருக்கலாமல்ல?"

"எனக்கும் சைக்கிள் வேணும்னு இருந்துச்சு" என்றாள். பிறகு, "அன்னைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி, டோக்கன் வாங்கற எடத்துல, பதினாலு பதினாலுன்னு விரலை மடக்கிப் பாத்துட்டிருந்தீங்க. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிங்ப்பா சொல்றது?"

சாந்தாமணி பாலோடு வந்து வாசல் நிலையில் நின்றாள். என் மடியில் நோட்டு, கட்டில் மேல் பாதி மாத்திரை. எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. நீலத்தை மட்டும் எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். "நாளைக்கு இதையும் கொண்டாங்க" என்றாள். இரண்டு நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

அப்புறம் கோகிலா சொன்னாள்: "சம்யுக்தா அக்கா வீட்டு நோட்டும் இப்படித்தாங்ப்பா."

"எப்படி?"

"அதை நான் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணியிருக்கறேன்."

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். சந்தோஷம். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குச் சந்தோஷம். எழுபத்திமூன்றும் இல்லை, எண்பதும் இல்லை, பாயசமும் இல்லை என்று. பிறகு ஸ்கூட்டி ஞாபகம் வந்தது. டீ கசந்துவிட்டது. அவருக்குப் போன் செய்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க சார், உங்க அட்டையைத் திருப்பிக் குடுக்கணும். சம்யுக்தாவையும் கூட்டிட்டு வாங்க. வண்டியில வேண்டாமுங்க" என்றேன். சிக்னல் சரியில்லை. கடைசி வாக்கியம் கேட்டதா தெரியவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

செப்டம்பர் 28, சனி

முதலில் டாக்டரம்மா. என் டைரி, கோகிலாவின் நோட்டு, நீல அட்டை, பாதி மாத்திரை, நாலையும் மேஜையில் வைத்தேன். கோகிலாவின் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"இதுல பாதியாவது அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா அப்பவே மாத்திரையைக் கூட்டியிருப்பேன். இந்தப் புள்ளை விழுந்திருக்காது."

"ஆமாங்க" என்றேன்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பத்தி நானும் படிச்சேன். ஆராய்ச்சி நடக்குது. சிலருக்குக் குறையலாம், சிலருக்கு அதிகமாகலாம். இன்னும் முடிவாகல. இவளுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ற டாக்டரை உங்களுக்குப் பிடிக்காதில்ல?"

சாந்தாமணி சொன்னாள்: "எனக்குப் புடிக்குமுங்."

"யாரு குடுத்தது?"

நான் கதவைப் பார்த்தேன். டாக்டரம்மாவும் கதவுப் பக்கம் பார்த்தார். "அவங்க வெளிய இருந்தா, உங்களுக்கப்புறம் உள்ள வரச் சொல்லுங்க. டோக்கன் வேண்டாம்."

வெளியே வந்தால் தில்லையரசு சார் பெஞ்சில் ஹெல்மெட்டோடு. எதிர் பெஞ்சில் சம்யுக்தா, விரலில் வண்டிச் சாவி ஆடுகிறது. "காந்திபுரத்துல இருந்து அவதான் ஓட்டிட்டு வந்தா. நான் பின்னால ஜம்முனு உக்காந்துட்டு வந்தேன்" என்றார். போனில் நான் சொன்ன கடைசி வாக்கியம் அவருக்குக் கேட்கவே இல்லை. பிறகு கோகிலாவின் கட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார். "அய்யய்யோ, என்னங்க இது?"

"வலிப்புங்க. சைக்கிள்ல."

"பதினாலு நாள் வரலைன்னீங்களே?"

"பொய் சொன்னேனுங்க சார்."

அந்த வார்த்தை இவ்வளவு லேசாக வரும் என்று நினைக்கவில்லை. "உங்களுக்கு எத்தனை நாளுங்க?" என்று கேட்டேன்.

"எண்பத்தேழு." ஆனால் சத்தம் குறைந்திருந்தது.

சம்யுக்தாவுக்குக் கோகிலா பண்ணிய சத்தியத்தை நான் உடைக்க முடியாது. அதனால் கோகிலாவிடம், "காட்டட்டுமா சாமி?" என்று கேட்டேன். அவள் சம்யுக்தாவைப் பார்த்தாள். பிறகு கோகிலா தலையாட்டினாள். ரஃப் நோட்டை அவர் கையில் கொடுத்தேன். "என்னைப் பத்தித்தான் எழுதியிருக்குதுங்க. படிங்க" என்றேன்.

பத்திரம் சரிபார்ப்பதுபோல வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். "அப்பா பார்த்தாங்க. எழுதல." விரல் அங்கே நின்றது. அடுத்த வரிக்குப் போனது. மறுபடி நின்றது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினார். "யாரும் பார்க்கல" என்கிற வரிக்கு வந்தார். அதற்குமேல் படிக்கவில்லை. தலையைத் தூக்கி எதிர் பெஞ்சைப் பார்த்தார்.

சம்யுக்தாவின் விரலில் சாவி ஆடவில்லை.

அவர் எழுந்து போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை மட்டும் விரித்து நீட்டினார். அந்தப் பெண் சாவியை அதில் வைத்தது.

"எத்தனைடா?" என்றார்.

அந்தப் பிள்ளை அவர் காதில் ஏதோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியதும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மகளிடம் கொடுத்தார், இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

மறுபடியும் பொறாமையாகத்தான் இருந்தது. அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். எனக்கு மகள் விழ வேண்டியிருந்தது.

அக்டோபர் 3

காலை 8.15. சின்னது. பன்னிரண்டு விநாடி. இடது கையைத் தூக்கி ஜடை பின்ன முயன்றபோது. கட்டுப் போட்ட கையைத் தூக்காதே என்றேன்.

புது அளவு மாத்திரையில் தூக்கம் அதிகமாக வருகிறது. அதையும் எழுதச் சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினாள். நானும் கடையில் தூங்கினேன். நான் மாத்திரை ஒன்றும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 8

இன்று வரவில்லை. பூஜ்யம் போடும் முன் சாந்தாமணியிடம் கேட்டேன், ஷர்மிளாவிடம் போனில் கேட்டேன், கோகிலாவிடம் கேட்டேன். மூன்று பேரும் இல்லை என்றார்கள். 0.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கடையில் வைண்டிங் மெஷின், மீட்டர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் பொட்டு. சுற்றுக் கணக்கு நோட்டுக்கும் பொட்டு. இந்த டைரியை அதன் பக்கத்தில் வைக்கக் கை வரவில்லை. அது சுத்தமான நோட்டு. இது அப்படியில்லை.

கோகிலாதான் எடுத்து வைத்தாள். தன் ரஃப் நோட்டையும் மேலே வைத்தாள். "நடுவுல மட்டும்தானுங்ப்பா தப்பு" என்றாள். செப்டம்பர் பக்கங்களைத் திறந்து, ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் அவள் நோட்டைப் பார்த்து நானே சிவப்பு மையில் எழுதினேன். பூஜ்யங்களை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

இரும்புக்கடைக்காரர் பொரி வாங்க வந்தவர், "ஏனுங், சைக்கிளு எங்கீங்? ஸ்கூலை விட்டு நின்னுட்டீங்களா?" என்றார். ஹேண்டில் வளைந்திருக்கிறது, நிமிர்த்தக் கொடுத்திருக்கிறேன் என்றேன். ஆறு மாதம் ஆகும் என்றேன். "ஒரு ஹேண்டிலுக்கா?" என்று போய்விட்டார்.

அக்டோபர் 12

தில்லையரசு சார் போன் செய்தார். அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதனால்தான் குறைந்திருந்ததா, குறையவே இல்லையா என்று இப்போது யாருக்கும் சொல்ல முடியாதாம், பழைய நோட்டை நம்ப முடியாததால். ஸ்கூட்டியை விற்கவில்லை, உறை போட்டு மூடி வைத்திருக்கிறாராம். சம்யுக்தா இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம்.

"பேசிருவாங்க சார்" என்றேன். "எழுதறதுக்குக் கேக்கணுமல்ல, நீங்களே பேச வேண்டி வந்துரும்."

மாலையில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். பாயசம் இல்லை. வெறும் எழுத்து: "3 நாட்கள்."

ஒரு பூ போட்டேன். ஒன்றே ஒன்று.

எங்களுக்கு ஐந்து நாள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கூடுதல்தான். இருந்தாலும்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலை 7.10. சின்னது. தோசையைத் திருப்பும்போது. கரண்டி தோசைக்கு அடியிலேயே நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இருபது விநாடி. கண் திரும்பி வந்ததும் என்னைப் பார்த்து, "தோசை தீஞ்சிருச்சுங்ளா?" என்றாள்.

தீய்ந்ததை நான் தின்றேன்.

அப்பா பார்த்தேன். எழுதிவிட்டேன்.